பில் அடிக்க எந்த மொழி? பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட்: ஒரு கருப்பட்டிக் கடை விமர்சனம்

பாளையங்கோட்டையில் அண்ணாச்சி ஒருவரின் கருப்பட்டி மண்டிக்கு பில் மென்பொருள் எழுத இந்த மூன்று நிரல் மொழிகளையும் போட்டுப் பார்த்தேன். வேகம், வசதி எல்லாம் ஊரே பேசியாச்சு, நான் பார்த்தது ஒன்றே ஒன்று: எண்ணைத் தாளில் எப்படி அடிக்கிறது.

முதலில் பைத்தான். 150 கிலோவை 30 கிலோ சிப்பமாக வகுத்தால் 5.0 என்று வரும். பைத்தான் 3-இல் ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தால், மீதியே இல்லாவிட்டாலும் விடை தசம எண்தான். நிரல் எழுதுகிறவனுக்கு இது நல்லது, முழு எண்ணா தசமமா என்று பார்த்ததும் தெரிந்துவிடும். ஆனால் அண்ணாச்சி தாளைப் பார்த்துவிட்டு, "அஞ்சு சிப்பம்னா அஞ்சுன்னு போட வேண்டியதுதான தம்பி, அதென்ன பக்கத்துல ஒரு முட்டை?" என்றார். எண்ணை எந்த வடிவில் அடிக்க வேண்டும் என்று சொல்லும் ஃபார்மட்டில் 'ஜி' என்ற குறியைக் கொடுத்தால் முட்டை போய்விடும், 2.5 மட்டும் 2.5 ஆகவே நிற்கும். சரி என்று அதையே மொத்தத் தொகைக்கும் போட்டால் தொலைந்தோம், அது ஆறு இலக்கத்துக்கு மேல் காட்டாது, 12 லட்சத்துச் சொச்சத்தை 1.23457 என்று சுருக்கி, பத்தின் எத்தனையாவது அடுக்கு என்று காட்டும் அடுக்குக்குறியை ஒட்டிவிடும்.

ஜாவா இதற்கு நேர் எதிர். இரண்டு முழு எண்களை வகுத்தால் விடையும் முழு எண்தான், 75 கிலோவை 30-ஆல் வகுத்தால் 2, மிச்சம் 15 கிலோ எங்கே போனது என்று ஒரு வார்த்தை சொல்லாது. சரி, டபுள் என்ற தசம எண் வகைக்கு மாறலாம் என்றால் இன்னும் மோசம். பத்து மில்லியனைத் தொட்டதும் அறிவியல் குறியீட்டுக்குத் தாவிவிடும், அதாவது ஒரு கோடி ரூபாய் விற்றுமுதலை அப்படியே அச்சிட்டால் 1.0ஈ7, அதாவது 1.0 பெருக்கல் பத்தின் ஏழாம் அடுக்கு. கருப்பட்டிக் கடை என்றால் ஈ வரத்தான் செய்யும், அதற்காக ரசீதுக்குள்ளுமா?

கமாவில்தான் உண்மையான சோதனை. நமக்கு வேண்டியது 12,34,567. பைத்தானின் ஃபார்மட்டில் கமா கேட்டால் 1,234,567 என்று வெள்ளைக்காரன் கணக்கில் தரும், லட்சக் கமாவுக்கு பேபல் மாதிரி ஒரு நூலகத்தைத் தனியாகப் போட வேண்டும். ஜாவாவில் எண்ணை வடிவமைக்கும் டெசிமல்ஃபார்மட்டில் லட்சக் கணக்கில் பேட்டர்ன் எழுதிக் கொடுத்தாலும் வலது ஓரத்துக் கமாவை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று மூன்றாகவே பிரிக்கும். ஜாவாஸ்கிரிப்டில் லோக்கேல், அதாவது எந்த நாட்டு வழக்கம் என்பது, இந்தியா என்று சொல்லி, இரண்டு தசமம் வேண்டும் என்றும் கேட்டால் போதும், 12,34,567.50 என்று பைசாவோடு வந்து விழுகிறது. அதில் சாதாரண எண் எல்லாமே தசம வகைதான், ஆனாலும் 5-ஐ 5 என்றும் 2.5-ஐ 2.5 என்றும் தானே அடித்துவிடுகிறது, முட்டைப் பிரச்சினையே இல்லை.

அதற்காக அது யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். 0.1-உம் 0.2-உம் கூட்டினால் மூன்று மொழியிலும் 0.30000000000000004 தான், கணினியில் தசம எண்களை வைக்க 1985-இல் வந்த ஐ.இ.இ.இ. 754 தரப்படி இரும எண்ணாகச் சேமிப்பதால் வரும் வினை. ஜாவாஸ்கிரிப்டில் 1.005-ஐ இரண்டு தசமத்துக்கு அடிக்கச் சொன்னால் 1.01 வராது, 1.00 தான் வரும், உள்ளே இருப்பது 1.005-க்கு ஒரு மயிரிழை குறைவு. பைத்தானின் ஃபார்மட்டும் இதையேதான் செய்யும், ஆனால் அதில் டெசிமல் மாட்யூல் என்று கூடவே வரும் ஒரு துணை நிரல் இருக்கிறது, காசுக் கணக்கைப் பிசகில்லாமல் போடும்.

நான் எடுத்தது ஜாவாஸ்கிரிப்ட். தொகையை எல்லாம் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொண்டு அச்சடிக்கும்போது மட்டும் நூறால் வகுக்கிறேன். ஐந்துக்கு நாலு நட்சத்திரம், பைத்தானுக்கு மூன்று. ஜாவாவுக்கு, அந்த ஈயைப் பார்த்த பிறகு, இரண்டே அதிகம்.