யூத முதியோர் சேவையில் தொண்டர் வேலை: வீட்டுக்குப் போவதா, சாப்பாடு கொண்டுபோவதா, டே சென்டரா?

லண்டன் வெம்ப்ளி பார்க்கில் ஜூபிலி லைன் ரயில் ஏறினால் நான்காவது ஸ்டேஷன் ஸ்டான்மோர். ஹாரோ, கிங்ஸ்பரி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் ஸ்டான்மோர், எட்ஜ்வேர், ஹெண்டன், கோல்டர்ஸ் கிரீன் பக்கத்து யூதக் குடும்பங்களும் அக்கம்பக்கம்தான். வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்க முடியும், வயதானவர்களோடு பழகப் பிடிக்கும் என்றால் யூத நலச்சேவை அமைப்புகளில் வேலை காத்திருக்கிறது. இவற்றில் பெரியது ஜூயிஷ் கேர். 1819இல் தொடங்கிய பார்வையற்றோர் சங்கமும் 1859இல் தொடங்கிய நலவாரியமும் 1990இல் இணைந்து உருவான அமைப்பு. தெற்கு லண்டனில் இருப்பவர்களுக்கு நைட்டிங்கேல் ஹவுஸ், மான்செஸ்டர்காரர்களுக்கு பிரெஸ்ட்விச்சில் உள்ள 'த ஃபெட்'. யூதராக இருந்தால்தான் சேரலாம் என்று இல்லை.

எந்த அமைப்பு என்பதைவிட எந்த வேலை என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். விண்ணப்பத்தில் பார்த்தவுடன் மனதைத் தொடுவதை டிக் செய்துவிட்டு, நான்காவது மாதம் நின்றுவிடுகிறார்கள். பொதுவாகக் கிடைப்பவை மூன்று: வாரம் ஒருமுறை ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருக்கும் பெஃப்ரெண்டிங், யூத உணவு விதிப்படி செய்த கோஷர் சாப்பாட்டை வீடு வீடாகக் கொண்டுபோவது, முதியோர் பகலில் கூடும் டே சென்டரில் மதியச் சாப்பாட்டு ஷிப்ட். நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது. சாய்வும் அந்தப் பக்கம்தான்.

காகித வேலை மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்று. விண்ணப்பம், ஒரு பேச்சு, உறவினர் அல்லாத இருவரின் பரிந்துரை, குற்றப் பின்னணி பார்க்கும் டிபிஎஸ் சோதனை. டிபிஎஸ்ஸுக்குத் தொண்டர்களிடம் அரசுக் கட்டணம் கிடையாது. கடந்த ஐந்து ஆண்டு முகவரிகளை இடைவெளி இல்லாமல் தர வேண்டும். நம்மவர்களுக்குச் சிக்கல் பெயரில்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், வங்கி ஸ்டேட்மென்டில் இனிஷியலாகச் சுருங்கியிருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் ஒட்டியிருக்கும். இதுவரை பயன்படுத்திய எல்லாப் பெயர்களையும் அதற்கான கட்டத்தில் எழுதிவிடுங்கள், வாரக்கணக்கில் மிச்சமாகும். ஸ்டூடென்ட் விசாவில் இருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: ஊழியர்போல நேரக் கட்டாயத்தோடு செய்யும் சம்பளமில்லா வேலை வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற உங்கள் வேலைக் கணக்கில் சேரும், கட்டாயமில்லாத தொண்டு சேராது. எது எந்த வகை என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் பெஃப்ரெண்டிங். யூத மரபில் நோயாளியைப் பார்க்கப் போவதற்கு 'பிக்கூர் ஹோலிம்' என்று பெயர். பார்க்கப் போகிறவர் நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறார் என்பது பழைய கணக்கு. அந்த மரபின் நேரடி வடிவம் இந்த வேலை. ஒருவரோடு ஆழமாகப் பழகும் வாய்ப்பு மற்ற இரண்டிலும் இந்த அளவுக்கு இல்லை. கட்டுப்பாடுகளும் இதில்தான் அதிகம். போகும்போதும் கிளம்பும்போதும் ஒருங்கிணைப்பாளருக்குத் தகவல். அவர்கள் பணத்தையோ பேங்க் கார்டையோ தொடக் கூடாது, மாத்திரை எடுத்துக் கொடுக்கக் கூடாது, சாவியை வைத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் சுட்ட முறுக்கையும் கேக்கையும் கொண்டுபோகவே கூடாது, பூ கொண்டுபோகலாம். ஆசாரமான குடும்பங்களில் ஆணும் பெண்ணும் கைகுலுக்க மாட்டார்கள், மூடிய அறையில் தனியாக இருக்க மாட்டார்கள். அதனால் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று பொருத்துவார்கள். அவர்களாகக் கை நீட்டினால் நீட்டுங்கள், இல்லையென்றால் ஒரு தலையசைப்புப் போதும்.

சாப்பாடு கொண்டுபோகும் வேலை கார் வைத்திருப்பவர்களுக்கு. காரை இதற்குப் பயன்படுத்துவதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். இங்கிலாந்து விதிப்படி சூடான உணவை 63 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. பத்து வீட்டுச் சுற்றில் ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம் கூடினாலே கடைசி வீட்டுச் சாப்பாடு நாற்பத்தைந்து நிமிடம் தாமதமாகிவிடும். பெட்டியை ஒவ்வொரு முறையும் முழுக்கத் திறந்து தேடினால் சூடு அங்கேயே போய்விடும். ஆகவே கடைசி வீட்டுத் தட்டு அடியில், முதல் வீட்டுத் தட்டு மேலே. சில தட்டுகள் இரட்டை உறையில் முத்திரையோடு வரும். வீட்டு அவனில் முன்பு என்ன சூடானது என்ற கவலையில்லாமல் அப்படியே வைப்பதற்காக அந்த இரட்டை உறை. உதவி செய்வதாக நினைத்து அதைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் சிலர் அந்தச் சாப்பாட்டைத் தொடவே மாட்டார்கள். முத்திரையைப் பிரிப்பது சாப்பிடுகிறவர் கையால், அல்லது அவர் பார்க்கும்போது, அவர் சொன்ன பிறகு.

கதவு திறக்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டு வரக் கூடாது. வாக்கரோடு ஒருவர் படுக்கையறையிலிருந்து வாசலுக்கு வர மூன்று நிமிடம்கூட ஆகும், காத்திருங்கள். பிறகு போன். பிறகு கடிதத் துவாரம் வழியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் ஒருங்கிணைப்பாளரை அழைத்துவிட்டு, அவர் சொல்லும்வரை அங்கேயே நில்லுங்கள். விழுந்து கிடப்பவரை முதலில் கண்டுபிடிப்பது பல நேரம் சாப்பாடு கொண்டுவருகிறவர்தான். வெள்ளிக்கிழமை நெருக்கடி தனி. டிசம்பரில் லண்டனில் சூரியன் 4 மணிக்கு முன்பே மறைகிறது. யூதர்களின் வார ஓய்வு நாளான சப்பாத் அதற்கும் முன்னால் தொடங்கிவிடுகிறது. அன்றிரவுக்கும் சனிக்கிழமைக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டிய சாப்பாடு மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

இப்போது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது. எந்த வேலையைத் தேர்ந்தெடுத்தாலும் நீங்கள் வராத வாரங்கள் வரும். குழந்தைக்குக் காய்ச்சல், ஆபீஸில் டெட்லைன், ஊருக்கு நான்கு வாரம். அந்த வாரம் என்ன ஆகிறது என்று பாருங்கள்; வரும் வாரத்தில் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை அப்புறம் பார்க்கலாம்.

பெஃப்ரெண்டிங்கில் நீங்கள் வராவிட்டால் யாரும் வருவதில்லை. மாற்று ஆளை அனுப்ப முடியாது, ஏனென்றால் அது பொருத்திவைத்த உறவு. 91 வயதுக்காரர் ஒருவர் செவ்வாய் 11 மணிக்காகச் சட்டை மாற்றி, இரண்டு கோப்பை எடுத்துவைத்து உட்கார்ந்திருப்பார். ஞாபகம் மங்கத் தொடங்கியவராக இருந்தால் 'அடுத்த வாரம் வரமாட்டேன்' என்று முன்கூட்டியே சொன்னதும் நிற்காது. அன்று காலை வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். நீங்கள் வேலை மாறி லூட்டனுக்குப் போய்விட்டால் அவருக்கு அந்த உறவே முடிந்துவிட்டது. அடுத்த ஆளைத் தேடிப் பொருத்த மாதங்கள் ஆகலாம், அவரும் இன்னொரு முறை முதலிலிருந்து தன் கதையைச் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். முறைப்படி விடைபெறாமல் நின்றுபோவது இந்த வேலையில் நடக்கும் பெரிய காயம். குறைந்தது ஒரு வருடம் வார நாள் மாறாமல் வர முடியும் என்ற உறுதி இருப்பவர்கள் மட்டும் இதை எடுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை என்றும் சொல்வேன்.

சாப்பாட்டுச் சுற்றில் வேறொருவர் ஓட்டுவார். சாப்பாடு போய்விடும், ஆனால் எந்த வீட்டில் காலிங்பெல் வேலை செய்யாது, யார் பின்கதவில்தான் திறப்பார் என்ற விவரம் உங்களோடு தங்கிவிடும். அதை முதல் மாதத்திலேயே சுற்றுக்கான வீட்டுப் பட்டியலில் எழுதிவையுங்கள்.

டே சென்டரில் உங்கள் மேசையை இரண்டாகப் பிரித்துப் பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த மேசையில் உட்கார்பவர்களுக்கு நண்பர்கள் அங்கேயே இருக்கிறார்கள்; நீங்கள் அவர்களில் ஒருவர் மட்டும். நீங்கள் வரவில்லையே என்று விசாரிப்பார்கள், ஆனால் தனியாக விடப்படுவதில்லை. ஒரு வருடம் கழித்து நின்றாலும் மேசை அப்படியே இருக்கும். சனிக்கிழமை சென்டர் மூடியிருக்கும் என்பதால் பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியோடும் மோதாது.

ஷிப்ட் என்பது பெரும்பாலும் வந்ததும் டீ, மேசை அமைத்தல், பரிமாறல், எடுத்தல், பிறகு கொஞ்சம் பேச்சோ சீட்டாட்டமோ. சுலபமாகத் தெரியும். தவறு நடப்பது மூன்று இடத்தில்.

ஒன்று, பாலும் இறைச்சியும் கலந்துவிடுவது. கோஷர் சமையலறையில் இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம், கரண்டி, தொட்டி; இறைச்சிக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம் என்று நிறம் வைத்திருப்பது வழக்கம். மதியம் கோழி பரிமாறினால் அதன் பிறகு பால் டீ கிடையாது. இங்கிலாந்து யூதர்களில் பலர் மூன்று மணி நேரம் இடைவெளி விடுவார்கள். கறுப்பு டீ, அல்லது சென்டர் அனுமதித்த சோயா, ஓட்ஸ் பால். மேசையில் ஒருவர் தனக்குப் பால் டீ வேண்டும் என்று கேட்டால் உடனே போய் எடுத்துவராமல் பொறுப்பாளரைக் கேளுங்கள். கைதவறி நீலக் கரண்டி இறைச்சிப் பாத்திரத்தில் விழுந்தால் புதியவர்கள் செய்யும் தப்பு, சட்டென்று எடுத்துக் கழுவிவைத்துவிடுவது. ஒரு கரண்டியோடு முடிய வேண்டிய கலப்பு அப்போது தொட்டி, துடைக்கும் ஸ்பாஞ்ச், ட்ராயர் எல்லாவற்றுக்கும் பரவுகிறது. கரண்டியை அப்படியே தனியாக வைத்துவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். திட்ட மாட்டார்கள்; சொல்லாமல் விட்டதற்குத்தான் வருத்தப்படுவார்கள்.

உங்கள் டிபன் பாக்ஸ் உள்ளே போகாது, அது சைவமாக இருந்தாலும். பெசாக் பண்டிகையின் எட்டு நாளில் கெடுபிடி இன்னும் கூடும்: கோதுமை, பார்லி, ஓட்ஸ் கலந்த எதுவும் வளாகத்துக்குள் வரக் கூடாது. நாம் யோசிக்காத ஒன்று பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கிறது. கைப்பையில் கிடக்கும் பிஸ்கட் துண்டையும் அந்த வாரத்துக்கு முன்பே உதறிவிடுங்கள்.

இரண்டு, விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள். உணவின் பதத்துக்கு 0 முதல் 7 வரை உலகளாவிய எண் ஒன்று உண்டு. யாருக்கு எந்த எண் என்ற பட்டியல் சமையலறையில் இருக்கும். கோழி சூப்பில் லொக்ஷன் எனும் மெல்லிய நூடுல்ஸ் மிதக்கும். நீரும் கட்டியும் கலந்த இந்தப் பதம்தான் ஆபத்து: வாய் நூடுல்ஸை மென்றுகொண்டிருக்கும்போதே சூப் தொண்டைக்குள் இறங்கி மூச்சுக்குழாய்ப் பக்கம் போய்விடும். பட்டியல் பார்க்காமல் ஒரு பிஸ்கட்கூட நீட்டாதீர்கள். ஊட்டிவிடுவது தொண்டர் வேலை அல்ல. அதற்குத் தனிப் பயிற்சியும் மேல்நிலை டிபிஎஸ்ஸும் வேண்டும்.

மூன்று, காது. ஒருவர் பேச்சில் கலக்காமல் ஒதுங்கியிருந்தால் ஞாபக மறதி என்று முடிவு கட்டுவதற்கு முன் காது மிஷினைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஆரஞ்சு ஒட்டுத்தாள் பேட்டரி என்றால் அளவு எண் 13, பழுப்பு என்றால் 312. ஒட்டுத்தாளை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்த பிறகு போட்டால்தான் முழுச் சக்தி வரும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும், பலர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள்.

இந்த மேசைகளில் எல்லோரும் ஒரே மாதிரி வந்தவர்கள் இல்லை. லண்டன் ஈஸ்ட் எண்டில் பிறந்தவர் பக்கத்தில் பாக்தாத்திலிருந்து வந்தவர், அவர் பக்கத்தில் கல்கத்தாவில் வளர்ந்த பாக்தாதி யூதர். அவரிடம் இந்தியத் தெருவின் பெயர் ஒன்றைச் சொன்னால் அரை மணி நேரம் பேசுவார். ஹிட்லரின் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்தவர்களும், முகாம்களிலிருந்து மீண்டவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கேட்காதீர்கள். மீந்த ரொட்டியை அவர்கள் கண்ணெதிரே குப்பையில் போடாதீர்கள். வரிசையில் நிற்கச் சொல்லாதீர்கள். கைக்குட்டையில் ரொட்டியை மடித்துவைப்பதைப் பார்த்தால் பறிக்காமல் பொறுப்பாளரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

ஒருவர் இறந்துவிட்டால் அடக்கம் மிக விரைவாக, பெரும்பாலும் ஓரிரு நாளில் நடந்துவிடும். நீங்கள் அடுத்த வாரம் வந்துதான் தெரிந்துகொள்வீர்கள். ஷிவா எனும் ஏழு நாள் துக்க வீட்டுக்குப் பூ கொண்டுபோகும் வழக்கம் இல்லை. இங்கிலாந்து யூதர்கள் துக்கம் கேட்கும்போது 'உங்களுக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்' என்று சொல்வார்கள். அதையே ஆங்கிலத்தில் சொல்லலாம், யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள்.

டெலிபோனில் பேசும் பெஃப்ரெண்டிங்கும் உண்டு. வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு வசதி என்று தோன்றுகிறது, ஆனால் அதில் என் பழக்கம் குறைவு. வராத வாரப் பிரச்சினை அதிலும் அப்படியே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சேர்வதற்கு முன் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்க வேண்டியவை: நான் வராத நாளில் என் இடத்தில் யார், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், நிற்க வேண்டி வந்தால் விடைபெறும் முறை என்ன. தொடங்கும் தேதியையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். 2026இல் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா செப்டம்பர் 12, 13. நோன்பு நாளான யோம் கிப்பூர் 21 திங்கட்கிழமை. சுக்கோத் பண்டிகையும் அதையொட்டிய நாட்களும் செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 4 வரை. செப்டம்பரில் சேர்ந்தால் நடுநடுவே பண்டிகை வந்துகொண்டிருக்கும், முகங்கள் பழகாது. ஆகஸ்டிலேயே டிபிஎஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டு அக்டோபர் 5 திங்கட்கிழமையிலிருந்து ஷிப்ட் கேளுங்கள்.