164-ஆ, 166-ஆ? அண்ணன் வழக்கில் நாங்கள் எடுத்த முடிவு

நாங்குநேரிப் பக்கம் நாலுவழிச் சாலை ஓரமாக நடந்து வந்த என் அண்ணனை ஒரு லோடு வேன் அடித்தது. அன்றைக்கே அவன் சாகவில்லை. 16 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பினான். மூன்றாம் நாள் விடியக்காலை போய்விட்டான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மதினி கேட்டாள்: "தம்பி, கேஸ எந்த வழியில போட்டா பிள்ளைகளுக்கு நல்லது?"

மோட்டார் வாகனச் சட்டத்தில் இரண்டு வழி உண்டு. 164-வது பிரிவில் டிரைவர் மீது தப்பு என்று காட்ட வேண்டாம். மரணத்துக்கு 5 லட்சம், அதோடு சரி. 166-ல் தப்பை நிரூபிக்க வேண்டும். தொகைக்கு உச்சவரம்பு இல்லை. மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் கதை வேறு, அதற்கு 161-வது பிரிவில் 2 லட்சம்.

நாங்கள் 166-ல் போட்டோம். அண்ணனுக்கு வயது 46, மாதம் 15,000 சம்பாத்தியம். சொந்தத் தொழில் என்பதால் எதிர்கால வருமானத்துக்கு 25 சதவீதம் கூட்டி, நான்கு பேர் அவனை நம்பியிருந்ததால் கால்பங்கு கழித்து, அந்த வயதுக்கான 13-ஆல் பெருக்கினால் 21,93,750 ரூபாய். நடந்து போனவர் மீதும் தப்பு உண்டு என்று 20 சதவீதம் பிடித்தார்கள். அப்போதும் 17,55,000 நின்றது. தப்பை நிரூபிப்பதும் பலர் பயப்படுகிற அளவுக்கு இல்லை. கிரிமினல் கோர்ட் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டாம், எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். எஃப்.ஐ.ஆர்., போலீஸ் போட்ட வரைபடம், குற்றப்பத்திரிகை, டீக்கடையில் நின்று பார்த்தவர் சாட்சி, இவ்வளவுதான் எங்களிடம் இருந்தது.

எங்களைப் பாடாய்ப் படுத்தியது வேறொன்று: அந்த விபத்தால்தான் இறந்தான் என்று காட்டுவது. 164-ல் போனால் இந்தத் தொல்லை இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அது தவறு. 164 மன்னிப்பது தப்பை நிரூபிக்கும் வேலையை மட்டும்தான். மரணம் விபத்தால் வந்தது என்பதை அங்கேயும் காட்டியே ஆக வேண்டும். கஷ்டமான பாதி இரண்டுக்கும் பொது என்றால் 5 லட்சத்தோடு ஏன் நிற்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

அண்ணன் இறந்த காலையில் நீர்மாலைக்கு (உடலைக் குளிப்பாட்ட நீர் எடுத்துவரும் சடங்கு) கிளம்பியவர்களை நான் மறித்தேன். "ஏற்கெனவே ஆஸ்பத்திரியில தலையைக் கீறியாச்சு, இன்னும் அவனக் கிழிக்கணுமாலே?" என்று சித்தப்பா அழுதார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேதான் போலீசுக்கு போன் போட்டேன். உடல் போஸ்ட்மார்ட்டத்துக்குப் பாளையங்கோட்டை போய் இருட்டும் நேரம் திரும்பியது. காய வழக்கை 304ஏ, அதாவது கவனக்குறைவால் மரணம், என்று மாற்றினார்கள் (2024 ஜூலை 1 முதல் நடந்த விபத்தென்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1)). விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் சொன்னது ஒன்றே ஒன்று: "டிஸ்சார்ஜ் ஆனவர், சுகர் இருந்தது, மாரடைப்பில் இறந்தார்." மண்டைக்குள் மறுபடி கட்டியிருந்த ரத்தத்தை போஸ்ட்மார்ட்டம் டாக்டர் கூண்டில் நின்று சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. அன்று மதியமே எரித்திருந்தால் 164-ம் கிடையாது, 166-ம் கிடையாது.

164 நல்லதாக இருக்கும் இடமும் உண்டு. எழுபது வயதுக்காரர், மாதம் 8,000 வருமானம், மனைவி மட்டும் என்றால் 166-ல் வருமான இழப்பு 3,20,000தான் வரும். பார்த்த சாட்சியும் இல்லையென்றால் 164-ஐயே யோசிக்கலாம். அந்த வழியில் நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு வழக்கு, அதனால் எவ்வளவு சீக்கிரம் முடியும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 164-ல் சமரசத் தொகையை வாங்கிக்கொண்டால் 166 மனு காலாவதியாகிவிடும். 166-க்கு ஆறு மாதக் கெடு 2022 ஏப்ரலில் இருந்து சட்டத்தில் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே ஏ.ஆர். காப்பியை (விபத்துப் பதிவேட்டு நகல்) வாசித்துவிடுங்கள். அண்ணனைத் தூக்கிப் போனவர் பதற்றத்தில் "ரோட்ல விழுந்து கெடந்தாரு" என்று சொல்ல, அப்படியே எழுதிவிட்டார்கள். வேன் என்ற வார்த்தையே அதில் இல்லை. அந்த ஒரு வரிக்காக மதினி இரண்டு வாய்தா கூண்டில் நின்றாள்.