ஒரு காட்டுக்கத்தி, ஐந்து பிடிகள்: பத்தாண்டுக்கு மேற்பட்ட பயன்பாட்டு அனுபவம்

இலங்கையின் விசுவமடுப் பக்கத்தில் வயலும் மேட்டுக்காணியும் வைத்திருக்கும் எனக்கு, வேலி கட்டும்போதும் பற்றை வெட்டும்போதும் தவறாமல் கைக்கு வருவது ஒரே காட்டுக்கத்திதான். பழைய லொறியொன்றின் வில்தகட்டிலிருந்து 2014ஆம் ஆண்டில் கொல்லர் ஒருவர் அடித்துத் தந்த அலகு இன்றும் அதேதான். பிடியை மட்டும் நான்கு தடவை மாற்றியிருக்கிறேன்.

முதற்பிடி முதிரை. கத்தியின் வாலை, அதாவது பிடிக்குள் செல்லும் பகுதியை, பழுக்கக் காய்ச்சி மரத்துக்குள் இறக்கி, பிடியின் வாயில் இரும்புப் பூண் போட்டிருந்தார் கொல்லர். மூன்றாவது மாரியில் பூணுக்குக் கீழே வெடிப்பு விட்டது. முதிரை வலிமையற்ற மரம் என்று இதனால் எவரும் எண்ண வேண்டாம். மாரியில் ஈரம் குடித்துப் பருக்கும் மரம் கச்சான் காற்று வீசும் காலத்தில் காய்ந்து சுருங்குகிறது; உள்ளே இருக்கும் இரும்போ சுருங்காதது மட்டுமல்லாமல், துருப்பிடித்து மேலும் பருக்கிறது. அந்த இழுபறியில் எந்த மரமும் ஒருநாள் பிளக்கும். முதிரையைத் தேய்க்கும்போது எழும் தூள் சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும் என்பதையும் என் முழங்கைகளே எனக்குச் சொல்லிக்கொடுத்தன.

அடுத்தது பாலை. தண்ணீரில் போட்டால் அமிழ்ந்துவிடும் அளவுக்கு அடர்த்தியான மரம் என்பதால், இனிப் பிடியைப் பற்றிய கவலையே இல்லை என்று நினைத்தேன். அது வெடிக்கவும் இல்லை, தேயவும் இல்லை. ஆனால் கைபட்டுக் கைபட்டு மெருகேறிய பின், வியர்த்த உள்ளங்கையில் கண்ணாடிபோல் வழுக்கியது; காய்ந்த வீரைக் கட்டையில் ஓங்கி வெட்டினால் அதிர்வு நேரே முழங்கைக்கு ஏறியது. கடினமான பொருள் வேறு, நல்ல பிடி வேறு என்பதை அந்தப் பாலைப்பிடியில்தான் உணர்ந்தேன். தேங்காயெண்ணெய் பூசிப் பார்த்தது இன்னொரு தவறு; அது காய்ந்து படலமாகும் எண்ணெய் அன்று, தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கும். கிரிக்கெற் மட்டைக்குப் பையன்கள் பூசும் ஆளிவிதை எண்ணெய்தான் காய்ந்து மரத்தோடு சேரும்.

தண்ணீர்க் குழாய்த் துண்டைச் சூடாக்கி வாலின் மேல் ஏற்றிய பிளாஸ்ரிக் பிடியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மலிவு, வழுக்கல், இரண்டு வெயிலில் நொறுங்கல். அதன்பின் வேம்பில் பிடி செதுக்கி, அதன்மேல் சைக்கிள் ரியூப்பை இழுத்துச் சுற்றினேன். கைப்பிடிப்பில் இதற்கு ஈடு இல்லை, அதிர்வையும் விழுங்கியது. எனினும் இறப்பர் தன்னடியில் நீரைச் சிறைப்படுத்தியதால், ஒரே மாரியில் வாலின் கால்வாசியைத் துரு தின்றுவிட்டது.

ஊர்ப் பெரியவர் ஒருவர் மான்கொம்பு போடச் சொன்னார். கைத்துப்பாக்கிப் பிடிகளுக்கும் வேட்டைக் கத்திகளுக்கும் ஒருகாலத்தில் கொம்பும் தந்தமும் விரும்பிப் பொருத்தப்பட்டன என்பது உண்மையே. இங்கு மானும் மரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை என்பதால் அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஆயினும் அவர் சொன்ன பிறகுதான், இன்று அத்தகைய பிடிகளைச் செய்வோர் எதைக் கையாள்கிறார்கள் என்று தேடினேன். துணியை அல்லது தாளைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக அழுத்தி இறுக்கிய மைக்கார்ட்டா, கண்ணாடி இழையில் அதேபோல் செய்த ஜி-10 ஆகியவை துப்பாக்கிப் பிடிகளிலும் கத்திப் பிடிகளிலும் பரவலாக உள்ளன. கண்ணாடி இழைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் துணியைத் தெரிந்தெடுத்தேன்.

2019இல் கிழிந்த பருத்திச் சாரங்கள் இரண்டை வெட்டி, இரண்டு பகுதிகளைக் கலந்தால் இறுகும் எப்பொக்சிப் பிசினில் தோய்த்து, வாலின் இருபுறமும் பொருத்துவதற்காகப் பக்கத்துக்கு 24 அடுக்காகப் பலகைகளுக்கிடையே இறுக்கி இரண்டு நாள் விட்டேன். பிசின் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை நிரந்தரமாகிவிடும் என்பதால் கையுறையும், அரத்தால் தேய்க்கும்போது முகக்கவசமும் கட்டாயம். ஒரே தடவையில் அதிகப் பிசினைக் கலந்து கிண்ணத்திலேயே வைத்திருந்ததால், அது தானாகச் சூடேறிப் புகைந்து முதற்கலவை முழுவதும் வீணாயிற்று.

மெருகேற்றாமல் சொரசொரப்பாகவே விட்டது நான் செய்த நல்ல முடிவு. நனையும்போது மேற்பரப்பில் உள்ள நூலிழைகள் சற்றே எழும்புவதால், மழையிலும் வியர்வையிலும் பிடிப்புக் கூடுகிறது, குறைவதில்லை. அடுக்குகளில் ஈரம் ஊறுவது மிகக் குறைவு என்பதால் ஐந்து மாரிகளுக்குப் பின்னும் வெடிப்பில்லை. குறை என்றால், சாதாரண எப்பொக்சி கடுஞ்சூட்டில் இளகும்; உழவு இயந்திரத்தின் இரும்பு மூடியின்மேல் உச்சி வெயிலில் கத்தியை வைத்துவிட்டுப் போகக் கூடாது. பாலையை விட அதிர்வு குறைவு, ரியூப்பை விட அதிகம்.

மண்வெட்டிக்கும் கோடரிக்கும் இதைச் செய்ய மாட்டேன். அந்த நீளத்துக்கு ஆகும் பிசின் செலவுக்குப் பத்து மரப்பிடி வாங்கலாம். கத்தியில் இப்போது மாற்ற வேண்டியிருப்பது பிடியை வாலோடு இணைக்கும் தறையாணிகள் மட்டுமே. இரும்பில் அடித்ததால் அவற்றைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழுந்திருக்கிறது. வரும் மாரிக்கு முன் பித்தளையில் அடிக்க எண்ணியிருக்கிறேன்.