கியர்பாக்ஸ் ஆயில் ஏற்றும் கைப்பம்ப்: மூன்று முறை பயன்படுத்திய பின்

இப்போது வரும் ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றின் கியர்பாக்ஸில் டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி) கிடையாது; ஆயில் ஊற்றும் துளையும் பக்கவாட்டில், புனல் நுழையாத இடுக்கில் இருக்கிறது. அத்தகைய துளைக்குள் ஆயிலைத் தள்ளுவதற்கென்றே விற்கப்படும், டப்பாவின் வாயில் திருகி மாட்டும் கைப்பம்ப் ஒன்றை வாங்கி, ஒரே காருக்கு மூன்று முறை பயன்படுத்திவிட்டேன். வேலை நடக்கிறது, ஆனால் அட்டையில் போட்டிருக்கும் படத்தில் உள்ளவரைப் போலச் சட்டை கசங்காமல் நடக்கவில்லை.

ஆயிலை மூன்று முறை மாற்றியதற்குக் காரணம் உண்டு. ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினால் அடியில் உள்ள பானில் (தட்டில்) தேங்கிய ஆயில்தான் பெரும்பாலும் இறங்கும். எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும், கூலர் குழாய்களிலும் இருப்பது அப்படியே தங்கிவிடும். என் காரில் 8 லிட்டரில் 3.2 லிட்டர்தான் இறங்கியது. அந்தக் கணக்குப்படி முதல் முறைக்குப் பின் பழைய ஆயில் 60 சதவீதமும், சில நாட்கள் ஓட்டிக் கலக்கவிட்டு மீண்டும் மாற்றியபின் 36 சதவீதமும், மூன்றாம் முறைக்குப் பின் ஏறத்தாழ 22 சதவீதமும் எஞ்சியிருக்கும்.

பம்பின் உருளையும் தண்டும் உறுதியானவை. ஒரு தள்ளலுக்குச் சுமார் 80 மில்லி செல்வதால், ஒரு முறைக்கு நாற்பது தள்ளல்கள் தேவைப்பட்டன. காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அதைச் செய்பவருக்குத் தோள்பட்டை வலிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறை முழுவதும் இரு முனைகளில்தான் இருக்கிறது. கூடக் கொடுத்த இரண்டு மூடிகளில் ஒன்று என் டப்பாவின் மரைக்குப் பொருந்தவே இல்லை. மற்றது பொருந்தினாலும் லேசாக ஆடியதால், பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுத்து நுரை தள்ளியது. வாஷர் ஒன்றை இடையில் வைத்த பிறகுதான் அது அடங்கியது. மறுமுனையில் உள்ள டியூபோ சுருண்டே பழகியது. பத்தாவது தள்ளலில் அது துளையிலிருந்து துள்ளி வெளியே வந்து, சிவப்பு ஆயில் என் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடியது. வளைந்த உலோக முனை ஒன்றைச் சேர்த்துக் கொடுத்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. டப்பாவைத் துளையைவிட உயரத்தில் வைத்தால், தள்ளுவதை நிறுத்திய பிறகும் ஆயில் தானாக இறங்கிக்கொண்டே இருக்கிறது என்பதும் கவனத்துக்குரியது.

பம்பைவிட அதனுடன் வரும் குறிப்புத்தாளின் மீதுதான் எனக்கு வருத்தம் அதிகம். ஊற்றும் துளையின் போல்ட் கழலுகிறதா என்று பார்த்த பிறகே டிரெய்ன் போல்ட்டைத் தொட வேண்டும். மேலே உள்ளது துருப்பிடித்து இறுகியிருந்தால், ஆயில் இல்லாத கியர்பாக்ஸுடன் கார் நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த எச்சரிக்கை தாளில் இல்லை. அதற்குப் பதிலாக, “வழியும் வரை ஏற்றவும்” என்று மட்டும் எழுதியிருக்கிறது. கார் சமதளத்தில் நிற்க, எஞ்சின் ஓட, கியர் லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்தியபின், தயாரிப்பாளர் சொல்லும் வெப்பநிலையில் (பல கார்களில் அது 35 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள் வரும்) மட்டம் பார்ப்பதற்கான அளவுத்துளையிலிருந்து மெல்லிய இழையாக வழிந்து நிற்பதே சரியான மட்டம். 8 லிட்டர் ஆயில் 50 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 300 மில்லி விரிவடைகிறது. ஆகவே சூடு பார்க்காமல் வழிந்ததைக் கொண்டு மட்டத்தைத் தீர்மானிப்பது தவறாகவே முடியும். காரின் கணினியிலிருந்து ஆயிலின் சூட்டைப் படித்துக் காட்டும் ஓபிடி ரீடர் ஒன்று கையில் இல்லாமல் நான் இந்த வேலையில் இறங்கியிருக்க மாட்டேன்.

“எல்லா ஆட்டோமேட்டிக் கார்களுக்கும் ஏற்றது” என்ற வரியைப் பம்புக்கு மட்டும் உரியதாக எடுத்துக்கொள்ள வேண்டும். படிப்படியான கியர்கள் இல்லாத சிவிடி வகை கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில். கையேட்டில் குறிப்பிட்ட தரத்தைத் தவிர வேறொன்றை ஏற்றக் கூடாது. ஒரு முறை இந்த ஆயிலைத் தொட்ட பம்பில் கூலன்ட்டையோ பிரேக் ஆயிலையோ ஏற்றுவதும் கூடாது.

டிப்ஸ்டிக் குழாய் உள்ள காருக்கு இது வேண்டியதே இல்லை, நீண்ட புனல் போதும். மற்றவர்கள் வாங்கலாம், கூடவே கெட்டியான டியூப் அரை மீட்டரும் அளவுக்கோடு போட்ட குடுவை ஒன்றும் வாங்கிவிடுங்கள், ஏனெனில் எவ்வளவு ஏறியது என்பதை இந்தப் பம்ப் காட்டுவதில்லை.