பிடிக்யூ டிப்ளாய்: நிறுவல் எந்த இடத்தில் நின்றது என்று காட்டும் கருவி

அலுவலக நெட்வொர்க்கில் உள்ள விண்டோஸ் கணினிகள் அனைத்திலும் ஒரு மென்பொருளை நிறுவ, அவற்றையும் பயனர் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியோடு கிடைக்கும் குரூப் பாலிசி என்ற வசதியே போதும் என்பவர்கள் உண்டு. போதும்தான், எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை. ஒரு கணினியில் நிறுவல் தவறினால், அந்தக் கணினியின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்க்காமல் காரணம் தெரியாது. ஒரே இடத்திலிருந்து பல கணினிகளில் மென்பொருளை நிறுவும் பிடிக்யூ டிப்ளாய் தன் விலைக்குத் தகுதியாவது இந்த இடத்தில்தான்.

இக்கருவி இலக்குக் கணினியின் அட்மின் டாலர் என்ற மறைவான பகிர்வுக்குக் கோப்புகளை அனுப்பி, அங்கே ஒரு தற்காலிக சர்வீஸை உருவாக்கி, அதன் வழியாக நிறுவலை நடத்துகிறது. ஒவ்வொரு கணினியும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது ஒரே திரையில் தெரிவதால், கோளாறு நெட்வொர்க்கிலா, நிறுவல் கோப்பிலா என்ற முதல் கேள்விக்கு உடனே விடை கிடைத்துவிடுகிறது. கோப்பு போய்ச் சேரவே இல்லையென்றால் ஃபயர்வாலில் கோப்புப் பகிர்வுக்கான 445 போர்ட்டையும் அட்மின் உரிமையையும் பார்க்கவேண்டும். இலக்குக் கணக்கின் பெயர் தவறு என்று உள்நுழைவுப் பிழை வந்தால் பாஸ்வேர்டைச் சந்தேகிப்பதற்கு முன், கணினிப் பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ்ஸைப் பார்ப்பது நல்லது. பழைய ஐபி முகவரி அங்கே தங்கியிருந்து, நாம் ஒரு கணினியை அழைக்க வேறொன்று பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

கோப்பு போய்ச் சேர்ந்த பிறகு வரும் பிழைகளில் இதன் உதவி குறைவு. 1618 என்ற பிழை எண் வந்தால் வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள், காத்திருந்து மீண்டும் அனுப்பலாம். 1603 அப்படியல்ல, நிறுவல் முறிந்தது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை, கருவியும் அதை அப்படியே நம்மிடம் ஒப்படைக்கிறது. எம்எஸ்ஐ என்ற விண்டோஸ் நிறுவல் கோப்பாக இருந்தால், அதை விரிவான லாக்குடன் மறுபடி ஓட்டி, அதில் ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்ற வரியைத் தேடி, அதற்குச் சற்று மேலே உள்ளதை வாசிப்பதே வழி. இந்த வேலையை எந்தக் கருவியும் நமக்காகச் செய்துவிடாது என்றே நினைக்கிறேன்.

இஎக்ஸ்இ கோப்புகளில் இன்னும் கவனம் வேண்டும். திரையில் எதையும் கேட்காமல் நிறுவுவதற்கான கட்டளையைச் சேர்க்காவிட்டால், யாரும் காணாத ஒரு ஜன்னலில் சம்மதத்துக்காக நிறுவல் காத்துக் கிடக்கும். பரவலாகப் பயன்படும் மென்பொருள்களுக்கு இக்கட்டளைகளோடு கூடிய ஆயத்தப் பொதிகளை பிடிக்யூ நிறுவனமே தருவது பெரிய ஆறுதல். 3010 என்ற எண்ணைக் கருவி பிழையாகக் கருதாமல், ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி என்று புரிந்துகொண்டு வெற்றிக் கணக்கில் சேர்ப்பதும் சரியான முடிவே.

ஊழியர்கள் வீட்டிலிருந்து பயன்படுத்தும் லேப்டாப்கள் விபிஎன் வழியாக உள்ளே வந்தாலன்றி இதன் கைக்கு எட்டா. அத்தகைய கணினிகள் அதிகமுள்ள அலுவலகம், அதே நிறுவனத்தின் கிளவுட் வழிச் சேவையான பிடிக்யூ கனெக்ட்டை முதலில் பரிசீலிக்கலாம்.