'வருஷம் முழுக்கப் பூக்கும்' என்று சொல்லி புரோமிலியாட் விற்கிறார்கள்: வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

சென்னையில் வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளை விற்பதோடு, மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு பராமரித்தும் தரும் ஒரு கடை என்னை ஏமாற்றிய விவரம் இது. புகார் இன்னும் முடியவில்லை, அதனால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்தது என்ன என்பதை ஒன்று விடாமல் எழுதுகிறேன். இதே பேச்சை வேறு இடங்களிலும் கேட்டதாக நண்பர்கள் சொல்கிறார்கள்.

வாங்கியது குஸ்மேனியா, புரோமிலியாட் குடும்பத்துச் செடி. பளபளக்கும் பச்சை இலைகள், நடுவில் அடுக்கடுக்காக விரிந்த செக்கச்செவேல் நிறம். புதுவீட்டுக்காக மூன்று தொட்டிகள், ஒவ்வொன்றும் 950 ரூபாய். கூடவே ஓராண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், மாதம் 700 ரூபாய். தொட்டியில் செருகியிருந்த அட்டையில் "வருடம் முழுவதும் பூக்கும், 5 ஆண்டு உத்தரவாதம்" என்று அச்சடித்திருந்தது. கடைக்காரரும் வாயாலேயே சொன்னார்: "மேடம், இதுல ஒரு தொந்தரவும் கிடையாது. ஒரு பூ வாடுறதுக்குள்ள அடுத்த பூ வந்துரும்."

இது பொய். செடி விற்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவருக்கு உண்மை தெரியாமலிருக்க வழியே இல்லை.

குஸ்மேனியாவின் ஒவ்வொரு செடியும் தன் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். குலை தள்ளிய வாழை மறுபடி குலை தள்ளுமா? இதுவும் அப்படித்தான். நாம் பூ என்று நினைக்கும் அந்தச் சிவப்பு உண்மையில் நிறம் மாறிய இலைகள். பூவடிச் செதில் என்பார்கள். நிஜமான பூ அந்தச் செதில்களுக்கு நடுவே மஞ்சளாகவோ வெள்ளையாகவோ சிறிதாக எட்டிப் பார்த்து, சீக்கிரமே வாடிவிடும். செதில்களின் நிறம் இரண்டு மூன்று மாதம் நிற்கும், சூழல் ஒத்துவந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அதன் பிறகு நிறம் மங்கிப் பழுப்பேறும். தாய்ச்செடி ஓராண்டு ஈராண்டுக்குள் மெல்லக் காய்ந்துபோகும். அதற்குள் அடியில் பக்கக்கன்றுகள் விட்டிருக்கும். அந்தக் கன்றுகள் வளர்ந்து பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதாவது, கடையில் முழு நிறத்தோடு நிற்கிற செடி தன் வாழ்க்கையின் கடைசிக் கட்டத்தில் நிற்கிறது.

அந்த நிறத்தையும் பெரும்பாலும் வரவழைத்துத்தான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். வளர்ந்த செடிக்கு எத்திலீன் வாயுவோ, எத்திலீனை வெளியிடும் எத்திஃபான் மருந்தோ கொடுத்தால் சில வாரங்களில் பூக்கத் தயாராகிவிடும். அன்னாசியும் புரோமிலியாட் குடும்பம்தான். ஒரே நேரத்தில் காய்ப்பதற்காக கேரளத்து அன்னாசித் தோட்டங்களில் எத்திஃபான் கரைசலைக் குருத்தில் ஊற்றுவது வழக்கமான விவசாய முறை. அதில் எனக்குக் குறையே இல்லை. அப்படிப் பூக்க வைத்த செடியைக் காட்டி, ஐந்து வருஷம் இப்படியேதான் இருக்கும் என்று பணம் வாங்குவதைத்தான் மோசடி என்கிறேன்.

நான்காவது மாதம் நிறம் மங்கத் தொடங்கியது. கடையில் கேட்டேன். "நீங்க தண்ணி ஒழுங்கா ஊத்தியிருக்க மாட்டீங்க மேடம்" என்றார்கள். தண்ணீர் ஊற்றியது அவர்கள் அனுப்பிய ஆள். அதைச் சொன்னதும் பேச்சு 'பூ பூஸ்டர்' பக்கம் திரும்பியது. பெயரோ தயாரிப்பு விவரமோ ஒட்டாத பொட்டலம், 450 ரூபாய். இலைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கும் குழியில் அதைக் கரைத்து ஊற்றினார்கள். பூத்து முடிந்த புரோமிலியாடை மறுபடி பூக்க வைக்கும் உரம் எதுவும் இல்லை. குழியில் ஊற்றும் காட்டமான உரம் இலையடியைக் கருக்கும். ஒரு செடியின் நடுத்தண்டு அழுகி, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இறுகிப்போன செம்மண். மழைக்காட்டு மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளர்கிற இனம் இது. தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு என்று காற்றோட்டமான கலவையில் வைக்க வேண்டியதைச் செம்மண்ணில் புதைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். மனம் ஆறாமல் போனது கன்று விஷயத்தில்தான்.

பராமரிப்புக்கு வரும் தம்பி ஒவ்வொரு முறையும் செடியடியில் கத்தி வைத்து எதையோ நறுக்குவார். கேட்டால், "களை முளைச்சிருக்குக்கா, விட்டா செடி சத்து பூரா இழுத்துரும்" என்பார். ஒருநாள் அந்தக் 'களை'யை அவர் ஈரத் துணியில் சுற்றி, பத்திரமாகப் பையில் வைப்பதைப் பார்த்தேன். களையை எதற்கு இப்படி எடுத்துப் போகிறாய் என்றதற்குத் தலையைக் குனிந்துகொண்டு, "ஓனர் கொண்டாரச் சொல்லியிருக்காருக்கா" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. சொன்ன வேலையைச் செய்கிற பிள்ளை. நேராகக் கடைக்குப் போனேன். பின்பக்கம் நிழல்வலைக்குக் கீழே கறுப்புப் பைகளில் வரிசையாகக் கன்றுகள், ஒன்று 250 ரூபாய்.

உரிமையாளர் கொஞ்சமும் தயங்கவில்லை. ஒப்பந்தத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்: "பராமரிப்பின்போது அகற்றப்படும் பாகங்கள் நிறுவனத்துக்கே உரியவை." வாடிய இலைக்கு எழுதிய வரி என்றுதான் அதைப் படிக்கும் யாரும் நினைப்பார்கள். தாய்ச்செடி சாகப்போவது தெரிந்தே விற்று, அதன் வாரிசையும் நம் வீட்டிலிருந்தே எடுத்துப் போய், அதையே அடுத்தவருக்கு விற்கிறார்கள். அட்டையில் இருந்த 5 ஆண்டு உத்தரவாதத்தைக் காட்டியபோது, "உயிருள்ள பொருளுக்கு எவன் மேடம் கேரண்டி தருவான்?" என்றார். தந்தது அவர் கடைதான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அட்டை, ரசீது, ஒப்பந்தம் மூன்றின் படங்களும் கைவசம் இருந்தன. மீதி மாதங்களின் பராமரிப்புப் பணம் திரும்பி வந்தது. செடிகளின் விலையும் கன்றுகளும் வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம்.

இந்தச் செடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கன்றோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் குஸ்மேனியா வருஷக்கணக்கில் வீட்டில் தங்கும் செடி. வாங்கும்போது முழுதாக விரிந்து ஓரம் பழுப்பேறியதை விட்டுவிட்டு, நிறம் இப்போதுதான் ஏறுகிற செடியாக எடுங்கள். அடியில் கன்று இருந்தால் இன்னும் நல்லது. கன்று தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது வளரும் வரை பிரிக்காதீர்கள். விரல் நீளத்தில் வெட்டினால் வேர் பிடிப்பது சிரமம். ஜன்னலோர வெளிச்சம் போதும், சென்னை வெயிலை நேராகக் காட்டினால் இலை கருகும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் இலையில் வெள்ளையாகப் படியும், மழைநீரோ சுத்திகரித்த தண்ணீரோ உத்தமம். செம்புப் பாத்திரத்தில் வைத்த தண்ணீரை மட்டும் ஊற்றவே கூடாது. தாமிரம் இந்த இனத்துக்கு விஷம். காப்பர் கலந்த பூஞ்சைக்கொல்லியும் அப்படித்தான்.

கொசு பற்றி அந்தக் கடையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "குழியில எப்பவும் தண்ணி நிக்கட்டும், மாத்தவே வேணாம்" என்றுதான் சொன்னார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இவ்வளவு சிறிய தேக்கத்திலும் முட்டையிடும். மூன்று நான்கு நாளுக்கொரு முறை தொட்டியைச் சாய்த்துப் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லாமல் விற்பது பணத்தை ஏமாற்றுவதைவிடப் பெரிய தவறு என்று நினைக்கிறேன்.

இணையத்தில் விற்கும் பெயின்ட் அடித்த டில்லாண்ட்சியாக்களையும் (மண்ணில்லாமல் வளரும் இன்னொரு புரோமிலியாட் வகை) தவிருங்கள். அது இலையில் உள்ள நுண்செதில்கள் வழியாகத்தான் தண்ணீரை உறிஞ்சுகிறது. சாயம் அதை அடைத்துவிடும்.

இப்படியொரு பராமரிப்பு ஒப்பந்தம் உங்கள் வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தால் இன்றைக்கே அதன் பின்பக்கத்தைப் படியுங்கள். 'அகற்றப்படும் பாகங்கள்' என்ற வரி இருந்தால், பக்கக்கன்றுகள் வாடிக்கையாளருக்கே சொந்தம் என்று பக்கத்திலேயே எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகு அடுத்த மாதப் பணத்தைக் கொடுங்கள்.