ஓயாவுக்கு மேல் எது: இரும்பா, கொங்கிரீட்டா?

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓயாவின், அதாவது சிற்றாற்றின், மேல் இருக்கும் பழைய இரும்புப் பாலத்தைக் கழற்றிவிட்டுப் புதிது போடலாம் என்றானதும் இரண்டு வழிகள் பேச்சில் வந்தன. ஒன்று, துண்டு துண்டாகக் கொண்டுவந்து பொருத்தும் பெய்லி வகை இரும்புப் பாலம். மற்றது கொங்கிரீட். நாங்கள் கொங்கிரீட் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். ஆகவே இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

வேகத்தில் இரும்பை மிஞ்ச முடியாது. 2025 நவம்பரில் டித்வா புயல் இலங்கையின் பாதைகளை அறுத்துப் போட்ட பிறகு இந்திய இராணுவம் வந்து பொருத்தியதும் பெய்லி பாலங்களைத்தான். அதன் ஒரு இரும்புச் சட்டம் 10 அடி நீளம், சுமார் 260 கிலோ. ஆறு பேர் தூக்கிவிடலாம், சாதாரண லொறியில் எந்த முடக்கிலும் ஏறிவிடும். வார்த்து முடித்த நீளமான கொங்கிரீட் உத்தரத்தை எங்கள் முடக்குகளில் திருப்பவே முடியாது. ஆற்றங்கரையிலேயே பலகை அடித்து வார்க்க வேண்டும், அதுவும் தண்ணீர் வற்றியிருக்கும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள். விலையை நான் ஒப்பிடவில்லை. கரையில் பாறை எந்த ஆழத்தில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும்.

சரி, அப்புறம் ஏன் கொங்கிரீட்? பராமரிப்புக்காக. அது ஒன்றுக்காகத்தான்.

எங்கள் பழைய பாலத்தை மேலே நின்று பார்த்தால் வர்ணம் நன்றாகவே தெரியும். கீழே இறங்கிப் பலகையின் அடியில், போல்ட் பூட்டிய இடத்தைச் சுண்டிப் பாருங்கள், துரு ஏடு ஏடாக உதிரும். லொறியிலிருந்து சிந்தும் சல்பேட் உரமும் சேறும் பனி ஈரமும் அங்கேதான் தேங்குகின்றன. இரும்பென்றால் சுரண்டிப் பூச வேண்டும், ஆணிகள் தளர்ந்தனவா என்று பார்க்க வேண்டும், தளத்தை மாற்ற வேண்டும். யார் செய்வது? தோட்டக் கம்பனியைக் கேட்டால் பிரதேச சபையைக் காட்டும். சபை தோட்டத்துக்குள் செலவழிக்க 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. 2018இல் அதைத் திருத்தினார்கள். சட்டம் வழிவிட்டாலும், வருடா வருடம் வர்ணமும் தூரிகையுமாக ஓர் ஆள் எங்கள் மேட்டுக்கு ஏறி வருவார் என்று நான் நம்பவில்லை.

கண்டிக்குப் பக்கத்தில் பேராதனையில் 1833இல் முதிரை மரத்தால் கட்டிய பாலம் 1905 வரை நின்றது. மரம்தான்! பெருந்தெரு என்பதால் பார்க்க ஆள் இருந்திருக்கும்.

கொங்கிரீட்டையும் கட்டிவிட்டு மறந்துவிட முடியாது. நீர் வடியும் ஓட்டைகள் அடைபடக் கூடாது, இரு கரைக் கட்டுகளின் அடி மண்ணை ஆறு அரிக்கிறதா என்று ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பார்க்க வேண்டும். ஆனால் இதற்கு மண்வெட்டியும் கண்ணும் போதும், தோட்டத்து இளைஞர்களே செய்வார்கள். நடுவில் தூண் வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறோம். வெள்ளத்தில் வரும் மரங்கள் அதில்தான் சிக்கும். டித்வா மாதிரி இன்னொன்று வந்தால் இந்தப் பாலம் தாங்குமா என்பதற்கு மட்டும் என்னிடம் அனுபவப் பதில் இல்லை.

கரையே மண்சரிவு அபாயத்தில் இருந்தால் யோசிக்காமல் இரும்புக்குப் போங்கள், கழற்றி வேறிடத்தில் போடலாம்.

நடைபாதையைக் கவனியுங்கள். இரும்பில் அதைப் பிறகும் பக்கவாட்டில் பொருத்திக்கொள்ளலாம். கொங்கிரீட்டில் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். எங்களுக்குப் பள்ளிவிடும் நேரமும் பகல் கொழுந்து லொறி வரும் நேரமும் ஒன்று. பொறியியலாளர் அளக்க வரும் அன்றே மூன்றடி நடைபாதையைக் கேட்டு எழுத வைத்துவிட்டோம்.